பெர்லின் நகரில் ஜாகிர் உசேன்

முதுகலைப் படிப்பிற்கும் ஆய்வுப் பட்டத்திற்கும் கடல் கடந்து செல்லும் நம் மாணவர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன் ஊருக்கு ஒருவர் சென்றால் அது செய்தியாக இருந்தது; இன்று தெருவுக்கு ஒருவர் செல்கின்றனர். அவ்வாறு சென்று விடுமுறையில் திரும்பும் மாணவர்களோடு உரையாடும்போது ஒன்றை நாம் தவறாமல் காண்கிறோம். அவர்களுக்கு அந்நாட்டில் தெரிந்த இடங்கள் இரண்டே. ஒன்று ஆய்வுக்கூடம் அல்லது வகுப்பறை. மற்றொன்று, ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் நால்வர் வாடகை பகிர்ந்து சமைத்துண்ணும் அறை. கல்லூரியின் சங்கங்கள், விவாத அரங்குகள், இசை நிகழ்ச்சிகள், ஆசிரியர் இல்லங்கள் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால், அவற்றுக்கெல்லாம் நேரம் ஏது என்பதே விடையாக வருகிறது. அவர்களை நாம் குறை கூறவில்லை. கல்விக் கடனும் பகுதிநேர வேலையும் ஒரு மாணவனை எவ்வளவு நெருக்கும் என்பதை நாம் அறிவோம். ஆயினும், பட்டத்திற்குப் புறம்பான அக்கூட்டு வாழ்க்கை வீண் பொழுதா, அல்லது கல்வியிலேயே ஒரு பாதியா என்னும் வினா எழாமல் இல்லை.

இவ்வினாவை மனத்திற்கொண்டே டாக்டர் ஜாகிர் உசேன் அவர்களின் வரலாற்றில் நான்கு ஆண்டுகளை மட்டும் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். இந்தியக் குடியரசின் மூன்றாம் தலைவர் என்ற அளவில் அவரை எல்லாரும் அறிவர். இளையான்குடியில் அவர் பெயர் தாங்கிய கல்லூரி ஒன்று விளங்குவதும் நம் வாசகர் அறிந்ததே. 1922 முதல் 1926 வரை அவர் செருமனியின் தலைநகராகிய பெர்லினில் ஆய்வு மாணவராக வாழ்ந்த காலமோ பெரும்பாலான வரலாற்றுக் குறிப்புகளில் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அவர் வாழ்வின் பின்னைய பகுதி முழுவதற்கும் விதை விழுந்த நிலம் அதுவே என்பது நம் துணிபு.

1897 பிப்ரவரி 8-ஆம் நாள் ஐதராபாத்தில் அவர் பிறந்தார். குடும்பத்தின் பூர்வீகம் உத்தரப் பிரதேசத்துக் காயம்கஞ்ச். ஆப்ரிதி பட்டாணியர் மரபினர். தந்தையார் பிதா உசேன் கான் வழக்கறிஞர். அவர் 1907-இல் காலமானார். தாயாரை 1911-இல் கொள்ளைநோய் கொண்டுபோயிற்று. பதினான்கு வயதில் இரு முதுகுரவரையும் இழந்த அச்சிறுவனுக்கு எடாவா நகரின் இசுலாமிய உயர்நிலைப் பள்ளி விடுதியே வீடாயிற்று. விடுதி என்பது சிலருக்கு உண்டு உறங்கும் இடம். ஜாகிர் உசேனுக்கோ அது குடும்பத்தின் இடத்தை நிரப்பிற்று. பிற்காலத்தில் அவர் கல்விக்கூடத்தை வீடாகவே கருதியதற்கு வேர் இங்கே இருக்கிறது என எண்ணத் தோன்றுகிறது.

அடுத்து அலிகர். சர் சையது அகமது கான் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ஜ் கல்லூரிகளை நேரில் கண்டு வந்து நிறுவிய கல்லூரி அது. ஆசிரியரும் மாணவரும் ஒரே வளாகத்தில் உடனுறைந்து வாழ வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கை. அங்கே ஜாகிர் உசேன் மாணவர் பேரவையின் துணைத்தலைவராக விளங்கினார். ஞானாசிரியர் என்னும் பொருள்படும் முர்ஷித் என்ற பட்டப்பெயரை நண்பர்கள் அவருக்குச் சூட்டியிருந்தனர். அறையில் எந்நேரமும் நண்பர் கூட்டம். நகைச்சுவையும் விவாதமும் கலந்த பேச்சு. 1915-இல் ஷாஜஹான் பேகம் அவர்களை மணந்தார். பொருளியலில் முதுகலை பயின்றுகொண்டு இளநிலை ஆசிரியராகவும் பணியாற்றிய வேளையில்தான் 1920 அக்டோபரில் காந்தியடிகளும் அலி சகோதரர்களும் அலிகருக்கு வந்தனர். அரசின் மானியம் பெறும் கல்வி நிலையங்களை விட்டு வெளியேறுமாறு அவர்கள் விடுத்த அழைப்பை ஏற்று வெளியேறியோரில் ஜாகிர் உசேனும் ஒருவர். வெளியேறியோர் 1920 அக்டோபர் 29 அன்று அலிகரிலேயே தோற்றுவித்த தேசியக் கல்வி நிலையமே ஜாமியா மில்லியா இசுலாமியா. அதற்கெனக் கட்டடம் இல்லை. தொடக்க நாள்களில் கூடாரங்களே வகுப்பறைகளாயின. இரண்டு ஆண்டுகள் அங்கே கற்பித்த பின் 1922-இல் உயராய்வுக்காகச் செருமனி புறப்பட்டார். ஆங்கிலேயர் மானியத்தை உதறி வந்த ஓர் இளைஞர் ஆக்ஸ்போர்டையோ இலண்டனையோ நாடாமல் பெர்லினை நாடியதில் வியப்பில்லை.

பெர்லின் பல்கலைக்கழகம் அலிகரைப் போன்றதன்று என்பதை இங்கு விளக்குதல் வேண்டும். ஆங்கில நாட்டுப் பழம்பெரும் பல்கலைக்கழகங்களில் மாணவன் ஒரு கல்லூரியின் உறுப்பினன். அங்கேயே உறைவிடம், பொது உணவுக்கூடம், வழிபாட்டிடம், விளையாட்டு அணி, தனிப்பயிற்சி ஆசிரியர் என எல்லாம் அவனுக்கு அமைந்துவிடும். செருமன் பல்கலைக்கழகமோ மாணவனுக்கு விரிவுரை மண்டபத்தையும் ஆய்வு வகுப்பையும் மட்டுமே தந்தது. எங்குத் தங்குவது, எவரோடு பழகுவது, மாலைப் பொழுதை எவ்வாறு கழிப்பது என்பன அவனவன் பாடு. செருமானிய மாணவருக்கு நெடுங்கால மரபுடைய மாணவர் கழகங்கள் இருந்தன. அயலான் ஏதேனும் ஓர் இல்லத்தில் அறையொன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, விரும்பினால் பட்டம் பெறும் வரை ஒருவரையும் அறியாமலேயே வாழ்ந்துவிட்டுத் திரும்பலாம். ஆகவே அங்கே கூட்டு வாழ்க்கை என்பது கல்லூரி வழங்கும் வசதி அன்று. மாணவன் தானே தேடிக் கட்டிக்கொள்ள வேண்டிய ஒன்று.

காலமும் எளிதான காலம் அன்று. முதல் உலகப் போரில் தோற்ற செருமனியின் நாணயம் சரிந்து கொண்டிருந்தது. 1923 நவம்பரில் ஓர் அமெரிக்க டாலருக்கு 4.2 இலட்சம் கோடி மார்க்கு என்னும் நிலை வந்துற்றது. வாழ்நாள் சேமிப்பு ஒரு ரொட்டிக்குக் காணாமற் போன செருமானியக் குடும்பங்கள் எத்தனையோ! அயல்நாட்டுப் பணம் வைத்திருந்த மாணவருக்கு மட்டும் அச்சரிவு வாழ்க்கைச் செலவை மலிவாக்கிற்று. பொருளியல் மாணவர் ஒருவருக்கு இதனினும் கொடிய பாடநூல் வேறு கிடைத்திராது. வெர்னர் சோம்பார்ட் போன்ற பேராசிரியர்களிடம் வகுப்பறையில் கற்றதனைத் தெருவில் இறங்கியதும் கண்ணெதிரே காணும் நிலை அது.

இந்தியர் கூட்டம் பெர்லினில் முன்னரே வேரூன்றியிருந்தது. சரோஜினி நாயுடு அம்மையாரின் உடன்பிறப்பாகிய வீரேந்திரநாத் சட்டோபாத்தியாயா முதல் உலகப் போர்க் காலந்தொட்டு அங்கிருந்து விடுதலைப் பணி ஆற்றி வந்தார். கேரளத்தவரான ஏ. சி. என். நம்பியார் இதழாளராக வாழ்ந்தார். திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் தோன்றிய செண்பகராமன் பிள்ளைக்கும் அந்நகரமே புகலிடம். பொதுவுடைமையர், தேசியவாதியர், வணிகர், மாணவர் எனப் பலதிறத்தாரும் ஓரிடத்தில் மோதிக்கொள்ளும் சூழல் அது. ஜாகிர் உசேன் இவ்வட்டத்தில் பழகினார். ஆனால் எந்த ஒரு கட்சியிலும் அடைபடவில்லை. இது நம் கவனத்துக்கு உரியது. அயல்நாட்டில் கூட்டு வாழ்க்கை என்றதும் தம்மவர் கூட்டத்துக்குள் ஒடுங்கிவிடுவது ஒரு வகை. தம்மவரை முற்றத் துறந்து அந்நாட்டவராகவே மாறிவிட முயல்வது மற்றொரு வகை. அவர் இரண்டையும் செய்யவில்லை.

அங்கே அவருக்கு வாய்த்த நண்பர் மூவர். ஒருவர் முகமது முஜீப். இலக்னோவின் புகழ்பெற்ற வழக்கறிஞர் ஒருவரின் மகன். ஆக்ஸ்போர்டில் வரலாறு கற்றவர். அச்சுக்கலை பயிலப் பெர்லின் வந்தவர். மற்றொருவர் சையது ஆபித் உசேன். மெய்யியலிலும் கல்வியியலிலும் ஆய்வு செய்தவர். பிற்காலத்தில் செருமானியப் பெருங்கவிஞர் கதேயின் பவுஸ்டு நாடகத்தை உருதுவில் பெயர்த்தவர். மூன்றாமவர் கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்னும் யூத நங்கை. கீல் நகரிற் பிறந்தவர். குழந்தைக் கல்வியில் ஈடுபாடு உடையவர். இந்திய மாணவர் மூவருக்கும் பெர்லினின் இசையரங்குகளையும் நாடக மேடைகளையும் அறிமுகப்படுத்தி, தம் நண்பர் குடும்பங்களுக்கும் அழைத்துச் சென்றவர் அவரே. புலால் உணவு, மதுப் பழக்கம், உடை, மொழி எனத் தயங்குவதற்கு ஆயிரம் காரணம் சொல்லக்கூடிய சூழலில், சமய ஒழுக்கத்தை விடாமலும் நட்பை மறுக்காமலும் ஓர் இளைஞர் பழக முடிந்தது என்பதை நம் மாணவர் எண்ணிப் பார்க்கலாம்.

இனி அச்சக வரலாறு. அவருடைய பெர்லின் வாழ்வில் நமக்கு மிகவும் பிடித்த பகுதி இதுவாகையால் சற்று நின்று கூறுகிறோம். ஈரானியர் நடத்திய காவியானி அச்சகம் என்று ஒன்று பெர்லினில் இருந்தது. பாரசீக, அரபு நூல்களை அழகிய ஈய எழுத்துகளில் அச்சிட்டு வந்தது. உருது நூல்கள் அக்காலத்தில் பெரும்பாலும் கல்லச்சில் வெளிவந்தன. எழுத்தர் ஒருவர் அழகுறக் கையால் எழுத, அதனைக் கல்லில் ஏற்றிப் படியெடுப்பது அம்முறை. 1869-இல் மறைந்த பெருங்கவிஞர் மிர்சா காலிபின் கவிதைத் தொகுதியைக் கையடக்கமாக, பிழையின்றி, ஈய எழுத்தில் கொண்டுவர வேண்டும் என்னும் ஆசை ஜாகிர் உசேனுக்கு எழுந்தது. அச்சகத்திற்குப் பணத்தைக் கட்டிவிட்டு அவர் வாளாவிருக்கவில்லை. அச்சுக்கோக்கும் தொழிலைத் தாமே கற்று, எழுத்துப் பெட்டியின் முன் நின்று, பக்கங்களைத் தம் கையாலும் கோத்தார். கணினி வந்த பின் பிறந்த மாணவருக்கு இவ்வுழைப்பின் அருமை தெரிய வழியில்லை. ஓர் எழுத்தாகப் பொறுக்கி, தலைகீழாக அடுக்கி, மெய்ப்பு எடுத்து, பிழை கண்டால் அவ்வரியையே கலைத்து மீண்டும் கோக்க வேண்டும். அதிலும் சொல்லின் முதல், இடை, கடை என இடத்திற்கேற்ப உருவம் மாறும் எழுத்துகள்! பொருளியல் ஆய்வேடு எழுத வந்தவர் மைக்கறை படிந்த விரல்களோடு கவிதை கோத்துக்கொண்டிருந்தார் என்றால், ஊரில் இருந்த உறவினர் என்ன நினைத்திருப்பர்? 1925-இல் அந்நூல் வெளிவந்தது. உருதுப் பதிப்பு வரலாற்றில் இன்றளவும் போற்றப்படும் பதிப்பாக நிலைத்தது. ஜாமியாவின் வேந்தராக இருந்த ஹக்கீம் அஜ்மல் கானின் கவிதைகளும் அதே அச்சகத்தில் உருப்பெற்றன.

செருமானியக் கல்வியாளர் ஆல்பிரட் எரன்ட்ரைக் என்பவரோடு இணைந்து காந்தியடிகளின் கருத்துகளைச் செருமன் மொழியில் விளக்கும் நூலொன்றையும் அவர் 1924-இல் வெளியிட்டார். புதுமுறைக் கல்வி பற்றிய விவாதங்கள் சூடாக நடந்த காலம் அது. மாணவன் கைத்தொழில் வழியே அறிவும் ஒழுக்கமும் பெற வேண்டும் என்று மியூனிக் நகரத்துக் கெர்ஷன்ஸ்டைனர் வகுத்திருந்த உழைப்புப் பள்ளிக் கொள்கை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. இவற்றுக்கிடையே, பிரித்தானிய இந்தியாவின் வேளாண் அமைப்பைப் பற்றிய ஆய்வேட்டையும் முடித்து முனைவர் பட்டம் பெற்றார். அவ்வாய்வேட்டை இன்று தேடிப் படிப்பவர் மிகச் சிலரே. பிளேட்டோவின் குடியரசையும் பிரெடெரிக் லிஸ்டின் பொருளியல் நூலையும் உருதுவில் தந்தவர் என்ற அளவில்கூட அவர் ஓரளவு நினைக்கப்படுகிறார். ஆய்வேட்டின் பெயரால் நினைக்கப்படுவதில்லை.

இதற்கிடையில் தாயகத்தில் ஜாமியா தள்ளாடிக்கொண்டிருந்தது. ஒத்துழையாமை இயக்கம் 1922-இல் நிறுத்தப்பட்டது. 1924 மார்ச்சில் துருக்கியே கிலாபத்தை ஒழித்துவிட, கிலாபத் இயக்கத்தின் நிதியும் வற்றியது. எந்த எழுச்சியில் அந்நிலையம் தோன்றியதோ அந்த எழுச்சியே ஓய்ந்துவிட்டது. மாணவர் குறைந்தனர், மூடிவிடலாம் என்னும் பேச்சு எழுந்தது. அதனைக் காக்கத் தாம் பிச்சை எடுக்கவும் ஆயத்தம் என்று காந்தியடிகள் ஊக்கினார். ஹக்கீம் அஜ்மல் கான் தம் சொந்தப் பணத்தைப் போட்டு 1925-இல் அதனை அலிகரிலிருந்து தில்லிக் கரோல்பாகுக்கு மாற்றினார். அவ்வாண்டில் ஹக்கீம் சாகிபும் டாக்டர் அன்சாரியும் ஐரோப்பா சென்றிருந்தபோது வியன்னாவில் பெர்லின் நண்பர்கள் அவர்களைச் சந்தித்தனர். தாமும் தம் நண்பர் சிலரும் வாழ்நாளை ஜாமியாவுக்கே ஒப்படைக்க முடிவு செய்திருப்பதாகவும், தாங்கள் திரும்பி வரும் வரை அதனை மூடலாகாது எனவும் ஜாகிர் உசேன் தெரிவித்துவிட்டார்.

அம்முடிவின் எடையை உணர வேண்டும். ஐரோப்பியப் பட்டம் பெற்ற இந்தியர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவில் இருந்த காலம். அரசுக் கல்லூரிகளிலும் சமஸ்தானங்களிலும் உயர் பதவிகள் காத்திருந்தன. முஜீபுக்குச் செல்வக் குடும்பம் பின்னே இருந்தது. ஜாகிர் உசேனுக்கோ மனைவியும் குடும்பமும் ஊதியத்தை எதிர்நோக்கி இருந்தனர். தனியொருவராக இருந்திருப்பின் அவர் இந்த வாக்கைக் கொடுத்திருப்பாரா என்பது ஐயமே. கொடுத்திருந்தாலும் தனியொருவரால் அதனைக் காத்திருக்க முடியாது. ஓர் அயல் நகரின் வாடகை அறைகளிலும் அச்சகத்திலும் இசையரங்கிலும் நான்கு ஆண்டுகள் வளர்ந்த நட்பே அந்த வாக்கைச் சாத்தியமாக்கிற்று.

1926 பிப்ரவரியில் மூவரும் தாயகம் திரும்பினர். இருபத்தொன்பது வயதில் ஜாகிர் உசேன் ஜாமியாவின் துணைவேந்தரானார். மறு ஆண்டு டிசம்பர் இறுதியில் ஹக்கீம் அஜ்மல் கான் காலமானதும் இருந்த ஒரே ஊன்றுகோலும் விழுந்தது. 1928-இல் ஆசிரியர்கள் ஒரு கழகமாகக் கூடி, இருபது ஆண்டுகள் ஜாமியாவிலேயே பணிபுரிவதென்றும், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் கோருவதில்லை என்றும் உறுதி பூண்டனர். அந்த 150 ரூபாயும் ஒழுங்காகக் கிடைத்ததில்லை. துணைவேந்தரே ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார்.

பெர்லினில் கற்றவை இங்கே உருப்பெற்றன. தொடக்கப் பள்ளியில் அப்துல் கப்பார் முதோலி என்னும் நல்லாசிரியர் செயல்முறைக் கல்வியைப் புகுத்தினார். குழந்தைகளே கடை நடத்தினர். குழந்தைகளே வங்கிக் கணக்குப் பார்த்தனர். சபீகுர் ரகுமான் கித்வாய் முதியோர் கல்வியை மேற்கொண்டார். பயாமே தஅலீம் என்னும் சிறுவர் இதழும் மக்தபா ஜாமியா என்னும் பதிப்பகமும் வளர்ந்தன. அழுக்குக் காலணியோடு வந்த மாணவரைக் கடிந்துகொள்ளாமல், துணைவேந்தரே வாயிலில் தூரிகையோடு நின்று அவர்தம் காலணிகளைத் துடைத்துவிட்டார் எனக் கூறுவர். மற்றொரு நிகழ்ச்சி கல்லையும் கரைப்பது. தொடக்கப் பள்ளிச் சிறுவர்களுக்கு அவர் இனிப்பு வழங்கிக்கொண்டிருந்தபோது, நோயுற்றிருந்த தம் சிறு மகள் இறந்த செய்தி காதில் சொல்லப்பட்டது. அவர் முகம் வெளிறினாலும் கை நிற்கவில்லை. முடிந்த பின்னரே மற்றவர்க்குச் செய்தி தெரிந்தது. குழந்தைகள் மகிழ்ந்திருந்த நேரத்தைக் கலைக்க மனம் வரவில்லை என்பதே அவர் கூறிய காரணம். 1935 மார்ச் முதல் நாள் ஓக்லாவில் புதிய வளாகத்திற்கு அடிக்கல் நாட்டிய போது, தலைவர் எவரையும் அழைக்காமல் பள்ளியின் மிக இளைய மாணவனைக் கொண்டே கல்லை நாட்டச் செய்தனர். 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் கூட்டிய கல்வி மாநாட்டிற்குப் பின் ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்த குழுவுக்கு ஜாகிர் உசேனே தலைவர். கெர்ஷன்ஸ்டைனரை அறிந்தவர் அத்திட்டத்தில் அவர் சாயலைக் காணாமல் இரார்.

கெர்டா பிலிப்ஸ்போர்ன் என்ன ஆனார் என்று வாசகர் கேட்கலாம். நாஜிகளின் கை ஓங்கிவந்த 1930-களின் தொடக்கத்தில் அவர் பெர்லினை நீங்கித் தில்லி வந்து ஜாமியாவில் சேர்ந்தார். மழலையர் பள்ளியும் விடுதிச் சிறுவரும் அவர் பொறுப்பாயினர். பிள்ளைகள் அவரை ஆபா ஜான், அதாவது அன்பு அக்கா, என்றே அழைத்தனர். இரண்டாம் உலகப் போர் மூண்டதும் செருமானியக் குடியினர் என்பதால், நாஜிகளுக்குத் தப்பி வந்த அவரையே ஆங்கில அரசு காவலில் வைத்த கொடுமையும் நிகழ்ந்தது. விடுதலை பெற்றுத் திரும்பி, 1943-இல் புற்றுநோயால் மறைந்தார். ஜாமியாவின் அடக்கத்தலத்திலேயே அவர் உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது. அங்குள்ள குழந்தைகள் காப்பகம் அவர் பெயரைத் தாங்குகிறது.

1946 நவம்பரில் ஜாமியாவின் வெள்ளி விழா நடந்தது. நாடு இரு கூறாகிக்கொண்டிருந்த நாள்கள் அவை. நேருவும் ஜின்னாவும் ஒரே மேடையில் அமர்ந்திருந்தனர். வேறெந்தக் கல்வி நிலையத்தின் அழைப்பும் அன்று அவ்விருவரையும் ஒருங்கே அமர்த்தியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது. அம்மேடையிலிருந்து ஜாகிர் உசேன், பற்றியெரியும் பகைத் தீயை அணைக்குமாறு தலைவர்களை இறைஞ்சினார்.

1948-இல் அவர் அலிகர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகச் சென்றார். அதன்பின் பீகார் ஆளுநர், குடியரசுத் துணைத்தலைவர், 1967 மே 13 முதல் குடியரசுத் தலைவர் எனப் பதவிகள் தொடர்ந்தன. 1969 மே 3 அன்று பதவியில் இருக்கும்போதே காலமானார். ஜாமியா வளாகத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார். அப்போது அதன் துணைவேந்தராக இருந்தவர், அச்சுக்கலை பயிலப் பெர்லினுக்கு வந்த முஜீப். 1948-இல் நண்பரிடமிருந்து பெற்ற அப்பொறுப்பை அவர் 1973 வரை வகித்தார்.